மலை ஏன் சரிகிறது?

ஹாலிஎலயில் நிலநடுக்கத்தைவிட அஞ்ச வேண்டியது மண்சரிவுக்குத்தான். அடைமழை நீர் மண்துகள்களின் இடுக்கெல்லாம் நிரம்பி, அவற்றை ஒன்றையொன்று பற்றவிடாமல் தள்ளுகிறது. பிடி தளர்ந்த மண் தன் பாரத்தாலேயே வழுக்கி இறங்குகிறது. இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் 2014 அக்டோபர் 29 காலை புதைந்தது இப்படித்தான். அங்கே 2005இலேயே எச்சரிக்கை வந்திருந்தது. மாற்றுக் காணிதான் வரவில்லை.

மலை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: சுவரில் புது வெடிப்பு, இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம், தெளிவாக விழுந்த பீலித்தண்ணீர் திடீரெனச் சேறாவது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டின்னை வெட்டவெளியில் வையுங்கள், அதுவே மழைமானி. ஒரு நாளில் 75 மில்லிமீட்டர் சேர்ந்தால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச் பைக்குள் போகட்டும். 150 என்றால் வீட்டில் இருக்கக்கூடாது. ஓடை வழியே இறங்காமல் பக்கவாட்டில் விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.