உங்களுக்குத் தெரியுமா? ஊரைச் சுற்றி எத்தனை 'செங்'!

★ மலாக்காவில் குருபோங்குக்குப் பக்கத்து ஊர் செங் (Cheng). அதே ஐந்து ரோமன் எழுத்துகள் மலாக்கா நகரிலும் அடிக்கடி கண்ணில் படும். பொருள்தான் இடத்துக்கு இடம் வேறு.

★ ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். 17ஆம் நூற்றாண்டுக் கோயில் அது. அங்கே 'செங்' ஒரு நிறம். பச்சையும் நீலமும் கலந்தது. 'ஹூன்' என்றால் மேகம்.

★ சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் 'செங்' குடும்பப் பெயர், அதுவும் பேரரசர் கொடுத்தது. பிறந்த குடும்பத்தின் பெயர் 'மா'. அந்த எழுத்துக்குக் குதிரை என்று பொருள். மலாக்காவைச் சீனத்தில் எழுதும்போது முதலில் வருவதும் இதே குதிரைதான், ஒலிக்காக மட்டும்! தொனியை மாற்றினால் 'மா' அம்மாவாகும். இன்னொரு தொனியில் திட்டுவதாகும்.

★ மலாக்காவில் 1883இல் பிறந்த துன் டான் செங் லோக், மலேசியச் சீனர் சங்கத்தின் முதல் தலைவர். அவர் பெயரிலுள்ள 'செங்' மங்கலக் குறி.

★ சீனா 1958இல் ஏற்ற பின்யின் முறையில் இந்த மூன்று 'செங்'கும் மூன்று விதமாக எழுதப்படுகின்றன. மலாக்காவின் பெயர்ப் பலகைகளோ ஹொக்கியன் பேச்சையும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் விடவில்லை. விடவும் வேண்டாம், அதுவும் இவ்வூர் வரலாறுதானே.

★ தலைகீழாகவும் நடக்கும். ஹொக்கியன்காரரின் டான், கண்டோனியரின் சான், ஹக்காவினரின் சின், மாண்டரினின் சென் எல்லாமே ஒரே சீன எழுத்து. 1955 டிசம்பரில் பாலிங் பேச்சுவார்த்தையில் டான் செங் லோக்கும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கும் எதிரெதிரே அமர்ந்தார்கள். சின் பெங் என்பது புனைபெயர். ஆனால் 'டான்', 'சின்' இரண்டுக்கும் சீனத்தில் எழுத்து ஒன்றே.

★ நமக்கும் இது புதிதல்ல. வி, ஏ, எல், ஐ என்று ரோமனில் எழுதினால் வலியா, வழியா, வாளியா, வாலியா?

★ சீன நண்பர் வீட்டுக் கல்யாண அழைப்பைத் தமிழில் எழுதித் தரும்போது அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதாதீர்கள். அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள்.