கதவு நிலையில் ஒரு கலைத்தொழில்

யூத சமயத்தில் வழிபாட்டின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் மேசைமேல் மெழுகுவத்தி ஏற்றுவது, திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஓய்வுநாளை வரவேற்பது, சனிக்கிழமை இரவு நறுமணப் பொருளை முகர்ந்து அந்த நாளை வழியனுப்புவது, ஹனுக்கா பண்டிகையில் எட்டு இரவு விளக்கேற்றுவது, பாஸ்கா இரவில் எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது என்று எல்லாம் குடும்பத்தார் கூடியிருக்கும் இடத்தில் நிகழ்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் தேவை. அந்தப் பொருளை இன்றைய வீட்டுக்கு ஏற்றபடி புதிதாக வடிவமைத்து விற்பது ஜெருசலேம், டெல் அவீவ், நியூயார்க், வார்சா போன்ற நகரங்களில் ஒரு படைப்புத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. உலகில் யூதர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர்தான். அவர்களிலும் எல்லாரும் சடங்குகளைக் கடைப்பிடிப்பவர்கள் அல்லர். இவ்வளவு சிறிய சந்தையில் இந்தத் தொழில் எப்படி நிலைக்கிறது? பழைய விதிகளை ஊன்றிப் படித்து, அவை எங்கே இறுக்கமாக இருக்கின்றன, எங்கே இடம் விடுகின்றன என்று கண்டுகொண்ட வடிவமைப்பாளர்களால்தான் நிலைக்கிறது என்பதே என் வாதம்.

வாசல் நிலையில் பொருத்தப்படும் மெசூசாவை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதிய சிறு சுருள். பைபிளின் உபாகம நூலின் 6, 11ஆம் அதிகாரங்களிலிருந்து இரண்டு பகுதிகளைப் பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவர் 22 வரிகளில், 713 எழுத்துகளாகக் கையால் எழுதுகிறார். ஓர் எழுத்து அழிந்தாலும் சுருள் செல்லாது. ஆகவே சுருளில் வடிவமைப்பாளருக்கு வேலையே கிடையாது. ஆனால் அதைக் காக்கும் உறை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சமயச் சட்டம் அதிகம் பேசுவதில்லை. மரம், வெள்ளி, கண்ணாடி, பீங்கான், அலுமினியம், கான்கிரீட் எதுவானாலும் சரி. தொழில் இந்த இடத்தில்தான் கால் ஊன்றுகிறது. அதற்காக மனம்போனபடி செய்துவிடவும் முடியாது. சுருளின் நீளத்துக்கு உட்குழி பொருந்த வேண்டும். ஈரம் உள்ளே போய் மையைக் கெடுக்கக் கூடாது. வீட்டு மெசூசாவை ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்கிறது யூதச் சமயச் சட்ட நூலான தல்மூத். எனவே உறையைத் திறக்கவும் மீண்டும் மூடவும் வழி இருக்க வேண்டும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசி மரபினர் அதைச் சாய்த்துப் பொருத்துவார்கள், ஸ்பானிய வழிவந்த செபார்தி மரபினர் செங்குத்தாகப் பொருத்துவார்கள். ஒரே உறை இரு நிலையிலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். கடையிலும் உறைக்கு ஒரு விலை, சுருளுக்கு ஒரு விலை. பல சமயம் சுருளின் விலையே கூடுதல். வாங்குபவரிடம் இதைத் தெளிவாகச் சொல்வதும் இந்தத் தொழிலின் நேர்மையில் சேர்ந்தது.

ஹனுக்கா விளக்கில் விதிகள் இன்னும் நெருக்கமானவை. எட்டுச் சுடர்களும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் இருப்பது மரபு. மற்றவற்றை ஏற்ற உதவும் ‘ஷமாஷ்’ என்ற ஒன்பதாவது சுடர் தனித்துத் தெரிய வேண்டும். சுடர்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நெருப்பாகிவிடக் கூடாது. விளக்கு குறைந்தது அரை மணி நேரம் எரிய வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் எத்தனை வடிவங்கள் பிறக்க முடியும் என்பதற்கு நியூயார்க்கில் உள்ள யூத அருங்காட்சியகமே சான்று: ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹனுக்கா விளக்குகள் அதன் சேகரிப்பில் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் 1980களில் வடிவமைத்த விளக்கில் மெழுகுவத்தித் தாங்கிகள் சிறு கோபுரங்களாக நிற்கின்றன. யூதர்கள் துன்புற்ற வெவ்வேறு காலங்களின், இடங்களின் கட்டடக் கலையை அவை நினைவூட்டுகின்றன. சடங்கு கேட்ட ஒழுங்கான வரிசையே அங்கே வரலாற்றைச் சொல்லும் வரிசையாகிவிட்டது. திராட்சரசக் கிண்ணத்துக்கும் அளவு உண்டு. பரவலாக ஏற்கப்பட்ட கணக்கில் அது குறைந்தது 86 மில்லிலிட்டராவது கொள்ள வேண்டும். கடுமையான கணக்கில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். இந்த அளவை அறியாமல் செய்த கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சடங்கைக் கடைப்பிடிக்கும் வீட்டில் அலமாரியை விட்டு இறங்காது.

புதுமை மரபைக் கெடுத்துவிடும், தாத்தா பாட்டி விட்டுச்சென்ற வெள்ளிக் கிண்ணத்தின் இடத்தைக் கான்கிரீட் உறையோ அலுமினிய விளக்கோ பிடிக்க முடியாது என்பது முதல் மறுப்பு. குடும்பப் பொருளின் மதிப்பை யாரும் குறைக்க முடியாது. ஆனால் மரபு என்று நாம் கருதும் வடிவங்களின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. மத்திய ஐரோப்பாவின் பல நகரங்களில் கைவினைச் சங்கங்கள் யூதர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் பிராங்க்பர்ட், ஆக்ஸ்பர்க் நகரங்களின் அருமையான யூதச் சடங்குப் பொருள்கள் பலவற்றைக் கிறிஸ்தவ வெள்ளிக் கொல்லர்களே செய்தார்கள். நறுமணப் பெட்டி ஐரோப்பிய ஊர்க் கோபுரத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டது. கொச்சி யூதர்கள் கேரளத்துப் பித்தளைத் தூக்குவிளக்கில் எண்ணெய் ஊற்றி ஓய்வுநாளுக்கு ஏற்றினார்கள். ஏமனில் நிலைமை நேர்மாறு. அங்கே வெள்ளி வேலையே யூதர்களின் கையில் இருந்தது. 1906இல் போரிஸ் ஷாட்ஸ் ஜெருசலேமில் பெசலேல் கலைப்பள்ளியைத் தொடங்கியபோது அந்த ஏமன் கைவினைஞர்களும் அதன் பட்டறைகளில் வேலை செய்தார்கள். எந்த ஊரில் வாழ்ந்தார்களோ அந்த ஊரின் பொருளும் கைவண்ணமும் சடங்குக்குள் வந்துகொண்டே இருந்தன. அப்படியானால் அலுமினியமும் கான்கிரீட்டும் நம் காலத்தின் ஊர்ப் பொருள்கள்.

நவீன வடிவத்தின் திருப்புமுனையாக லுட்விக் யெஹூதா வோல்பர்ட் 1930இல் வடிவமைத்த பாஸ்காத் தட்டைச் சொல்லலாம். வெள்ளி, கருங்காலி, கண்ணாடி ஆகிய மூன்றால் ஆன அதில் பூவேலையோ உருவங்களோ இல்லை. புளிப்பில்லாத அப்பம் மூன்றையும் தனித்தனி அடுக்கில் வைக்க வேண்டும் என்ற சடங்குத் தேவையே அதன் வடிவமாகிவிட்டது. ஜெர்மனியில் பிறந்த அவர் 1933இல் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து பெசலேலில் கற்பித்தார். 1956இல் நியூயார்க் சென்று, யூத அருங்காட்சியகத்தில் அமைந்த டோப் பாஷர் பட்டறைக்குத் தலைமை ஏற்றார். அவருக்குப் பின் அவருடைய மாணவர் மோஷே ஸபாரி அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஓர் அருங்காட்சியகம் பழையதைக் காட்சிக்கு வைப்பதோடு நிற்காமல் புதியதைச் செய்யும் பட்டறையையும் நடத்தியது இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம். இன்றும் அருங்காட்சியகக் கடைகள் இந்தப் பொருள்களின் முக்கியமான விற்பனை வாசல். கண்காட்சிகளும் துணை நிற்கின்றன: 2009இல் சான் பிரான்சிஸ்கோவின் தற்கால யூத அருங்காட்சியகம் பாஸ்கா மேசையை மையமாக்கி 80 கலைஞர்களின் படைப்புகளை ஒன்றுகூட்டியது.

தொழிலின் அடுத்த வளர்ச்சி புதிய தேவைகளிலிருந்து வந்தது. பாஸ்கா மேசையில் எலியா தீர்க்கதரிசிக்குக் கிண்ணம் வைப்பது பழைய வழக்கம். 1980களில் பாஸ்டனின் யூதப் பெண்கள் குழு ஒன்றிலிருந்து, மோசேயின் சகோதரி மிரியாமுக்கும் தண்ணீர் நிரம்பிய கிண்ணம் வைக்கும் வழக்கம் கிளம்பிப் பல வீடுகளுக்குப் பரவியது. வடிவமைப்பாளர்களுக்கு முன்மாதிரியே இல்லாத ஒரு பொருள் கைக்கு வந்தது. யூதத் திருமணத்தில் மணமகன் காலால் நொறுக்கும் கண்ணாடியின் துண்டுகளைச் சேர்த்துவைத்து, மெசூசா உறையிலோ கிண்ணத்திலோ பதித்துத் தரும் பட்டறைகளும் இன்று உண்டு. வார்சாவில் 2014இல் தொடங்கிய ‘மி போலின்’ என்ற வடிவமைப்புப் பட்டறை இன்னும் ஆழமான வேலையைச் செய்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் யூதர்கள் வாழ்ந்த வீடுகளின் கதவு நிலைகளில் மெசூசா இருந்த இடத்தின் பள்ளத்தைத் தேடி, அதை அச்செடுத்து, வெண்கலத்தில் வார்த்துப் புதிய மெசூசா உறையாக்குகிறது. யூத இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்களின் வாசல் இன்னொரு வீட்டின் வாசலில் மீண்டும் இடம்பெறுகிறது. இதை வெறும் அலங்காரப் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

புனிதமானதை வைத்துப் பணம் பார்ப்பது தகுமா என்பது அடுத்த மறுப்பு. யூத மரபே இதற்கு விடை வைத்திருக்கிறது. கட்டளையை நிறைவேற்றினால் மட்டும் போதாது, அழகாக நிறைவேற்ற வேண்டும் என்ற கொள்கையைத் தல்மூத் வலியுறுத்துகிறது. அதே நூல் அந்த அழகுக்காகக் கூடுதலாகச் செலவிட வேண்டிய தொகைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அளவும் காட்டுகிறது. அழகு கடமை, ஆடம்பரத்துக்கு வரம்பு: வடிவமைப்பாளர் விலை வைக்கும்போது கைக்கொள்ளத்தக்க நெறி இது. வாங்குபவர்களில் பலர் இந்தப் பொருள்களைச் சடங்குக்குப் பயன்படுத்தாமல் அழகுக்காக மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் சரியான கொள்ளளவும் சரியான சுடர் வரிசையும் உள்ள பொருள், என்றைக்காவது அந்த வீட்டில் யாராவது விளக்கேற்ற நினைத்தால் உடனே பயன்படும். தவறான அளவில் செய்த பொருள் அந்த வாய்ப்பையே அடைத்துவிடும்.

மலிவான தொழிற்சாலை நகல்கள் சிறு பட்டறைகளை நெருக்குகின்றன என்ற கவலையும் நியாயமானதே. விலையில் போட்டியிட்டால் சிறு பட்டறை தோற்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கதவின் தடத்தையோ ஒரு குறிப்பிட்ட மணமக்கள் உடைத்த கண்ணாடியையோ தொழிற்சாலை பெருவாரியாகச் செய்ய முடியாது. சட்டத்தை அறிந்த கை, குடும்பத்தின் கதையைக் கேட்கும் காது, காலத்துக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுக்கும் துணிவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்தத் தொழிலின் முதலீடு. சமயச் சட்டம் கற்பனையைக் கட்டிப்போடுகிறது என்று நினைக்கும் இளம் வடிவமைப்பாளர்கள், முதலில் அந்தச் சட்டத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். எதைத் தொடக் கூடாது, எதைத் துணிந்து மாற்றலாம் என்பதை அதுவே அவர்களுக்குக் கற்றுத்தரும்.