அழுத பிள்ளைக்குத்தான் பாலா?

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது பழமொழி. உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும் என்று பெரியவர்களுக்கு அறிவுறுத்தவே இதனை நாம் பயன்படுத்துகிறோம். ஆனால், பிள்ளை வளர்ப்பில் இப்பழமொழி நேர்ப்பொருளிலேயே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பல்பொருள் அங்காடியில் பணம் செலுத்தும் இடத்திலோ, பேருந்திலோ, திருமண மண்டபத்திலோ மூன்று வயதுக் குழந்தை வீறிட்டு அலறுகிறது. கேட்டது கைக்கு வருகிறது, அலறல் நிற்கிறது. அடம் என்று குழந்தையின் மீதும், வளர்ப்பு சரியில்லை என்று தாயின் மீதும் பழிபோட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அங்கே நடப்பது என்ன?

அலறல் என்பது யாரும் புறக்கணிக்க முடியாத ஒலி. இயல்பான பேச்சில் ஒலியின் வலிமை விநாடிக்குச் சில முறைகளே ஏறி இறங்கும். அலறலிலோ அது விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. இந்தக் கரகரப்பு, மூளையில் ஆபத்தை உணரும் 'அமிக்டலா' என்ற பகுதியைத் தூண்டுவதை 2015-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே, குழந்தை அலறும்போது பெற்றோர் பதறுவது இயற்கையே. அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில், கைக்குழந்தையின் அழுகையையும் நடக்கத் தொடங்கிய குழந்தையின் அலறலையும் பிரித்தறிய வேண்டும். பிறந்த குழந்தையின் அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று, நான்கு மாதங்களில் வெகுவாகக் குறைகிறது. நோயற்ற குழந்தைகளும் காரணம் புலப்படாமல் நெடுநேரம் அழுவதுண்டு. அழுதவுடன் தூக்கினால் குழந்தை கெட்டுவிடும் என்ற அச்சம் தேவையற்றது. உடனுக்குடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் முதலாண்டின் இறுதியில் குறைவாகவே அழுதன என்று சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் ஆகியோர் 1972-இல் எழுதினர். அந்த ஆய்வின் முறை பின்னர் விவாதிக்கப்பட்டாலும், கைக்குழந்தைக்கு ஆறுதல் அளிப்பதில் தீங்கில்லை என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பொறுமையிழந்து குழந்தையைக் குலுக்குவதுதான் பேராபத்து. அது மூளைக்குள் இரத்தக் கசிவை ஏற்படுத்தி உயிரையே பறிக்கக்கூடும்.

ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையிலான அலறல் வேறு வகை. அந்த வயதில் குழந்தைக்குப் புரிவது அதிகம். சொல்லத் தெரிவது குறைவு. ஆசையையும் சினத்தையும் அடக்கியாளும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. பசி, தூக்கமின்மை, களைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் கட்டுப்பாடு உடைந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் போட்டேகலும் பிறரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய கொந்தளிப்பில் சினமும் துயரமும் கலந்தே இருக்கின்றன. சினம் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டுத் தணிகிறது. பிறகு குழந்தை விம்மியபடி ஆறுதலை நாடுகிறது. பெரும்பாலான கொந்தளிப்புகள் ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன.

அந்த ஐந்து நிமிடங்களைக் கடக்க இயலாமல்தான் நாம் பணிந்துபோகிறோம். இங்கே பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு கோட்பாட்டை நினைவுகூர விரும்புகிறேன். ஃபின் கிட்லண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் ஆகிய இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரையில் வெள்ளச் சமவெளியை எடுத்துக்காட்டாகக் கூறினர். 'இங்கே வீடு கட்டாதீர்கள். அணையோ கரையோ கட்டித் தர மாட்டோம்' என்று அரசு அறிவிக்கிறது. ஆனால், வீடுகள் எழுந்துவிட்டால் அரசு கைவிடாது என்பதை மக்கள் அறிவார்கள், எனவே கட்டுகிறார்கள். அந்தந்த நேரத்துக்குச் சரியெனத் தோன்றும் முடிவுகள், நீண்ட காலத்தில் தவறான விளைவைத் தருகின்றன. இக்கருத்து உள்ளிட்ட பங்களிப்புகளுக்காக 2004-இல் அவர்களுக்குப் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. 'இனி மிட்டாய் கிடையாது' என்ற அறிவிப்பைக் குழந்தை நம்புவதில்லை. சத்தம் போதிய அளவு உயர்ந்தால் அறிவிப்பு திரும்பப் பெறப்படும் என்பது அதன் அனுபவ அறிவு. நான்கு முறை மறுத்து ஐந்தாம் முறை பணிவது, ஒவ்வொரு முறையும் கொடுப்பதைவிடக் கெடுதலானது. எப்போதாவது மட்டும் பலன் தரும் செயலை உயிரினங்கள் எளிதில் கைவிடுவதில்லை என்பதை பி.எஃப். ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. பணிவதைப் பெற்றோர் நிறுத்தினால், அலறல் குறைவதற்கு முன் சில நாள்கள் கூடவும் செய்யும். பலர் தோற்றுப்போவது அந்தக் கட்டத்தில்தான்.

இதில் பழக்கப்படுவது குழந்தை மட்டுமல்ல. அலறினால் பொருள் கிடைக்கிறது என்று குழந்தை கற்கிறது; கொடுத்தால் அமைதி கிடைக்கிறது என்று பெற்றோர் கற்கிறார்கள். இந்த இருவழிப் பழக்கத்தை ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் விரிவாக விளக்கியிருக்கிறார். இன்று அந்த அமைதியை வாங்கித் தரும் நாணயமாகக் கைப்பேசி மாறியிருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை நேரம் பரிந்துரைக்கத்தக்கதன்று என்றும், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை மீறக் கூடாது என்றும் உலக சுகாதார அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியது. அழும்போதெல்லாம் திரையைக் காட்டினால், தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் பயிற்சி குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது.

'அடியாத மாடு படியாது' என்போர் உண்டு. ஒரு லட்சத்து அறுபதாயிரம் குழந்தைகள் தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்து எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகவே காணப்பட்டன. கத்தும் குழந்தையை அடித்து அடக்குபவர், வலியவர் தம் விருப்பத்தைச் சாதிக்கலாம் என்ற பாடத்தையே கற்பிக்கிறார். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. வீட்டுக்கும் அந்த நெறி பொருந்த வேண்டாமா?

செய்ய வேண்டியவை எளியவையே. ஆனால் உறுதி தேவை. கொடுக்கத்தக்கதை அலறலுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மறுப்பைச் சிலவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சொன்ன மறுப்பில் நிலைத்து நிற்க வேண்டும். அலறும்போது அறிவுரை பயன்படாது. அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் ஓரிரு சொற்கள் பேசினால் போதும். சினம் தணிந்து அணைப்பைத் தேடி வரும் குழந்தையை அணைத்துக்கொள்வது பணிந்துபோவதாகாது. அம்மா மறுத்ததைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ மேல்முறையீடு செய்து பெறும் வழியையும் வீட்டுப் பெரியவர்கள் அடைக்க வேண்டும். ஐந்து வயதுக்குப் பின்னும் கொந்தளிப்பு ஓயாவிட்டாலோ, குழந்தை தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, பேச்சும் செவித்திறனும் ஐயத்துக்குரியனவாக இருந்தாலோ மருத்துவரை அணுக வேண்டும்.

பெற்றோரின் உறுதியைக் குலைப்பதில் சுற்றியிருக்கும் நமக்கும் பங்குண்டு. 'கேட்டதைக் கொடுத்துத் தொலைக்கக் கூடாதா' என்று சொல்லும் நம் முகங்களைப் பார்த்தே பல தாய்மார்கள் பணிந்துவிடுகிறார்கள். நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு, பேருந்து நெரிசலில் வீடு திரும்பும் ஒருவரிடம் எஞ்சியிருக்கும் பொறுமை மிகக் குறைவு. அதனையும் நாம் பறித்துவிட வேண்டாம். அந்த ஐந்து நிமிட இரைச்சலைச் சுளிக்காத முகத்துடன் பொறுத்துக்கொள்வது, அந்தக் குழந்தையின் வளர்ப்புக்கு நாம் செலுத்தும் சிறு பங்களிப்பு. அழாத நேரத்திலும் தன் குரல் கேட்கப்படும் என்று நம்பும் குழந்தைக்கு, அலறித்தான் பெற வேண்டும் என்ற தேவை நாளடைவில் இல்லாமல் போகும்.