கழுத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்

பழைய 350 சிசி புல்லட் ஒன்று கடைத்தெருவில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தால், அதன் அடிகளைக் காதாலேயே எண்ணிவிடலாம். பக்கத்தில் உறுமும் புது பைக்கை அப்படி எண்ண முடியாது; அது ஒரே ரீங்காரம். இதில் மாயம் ஒன்றுமில்லை, வெறும் கணக்குதான். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் பிளக் பொறி விடும். நிமிடத்துக்கு 700 சுற்றில் ஐடிலிங்கில் ஓடும் புல்லட்டில் 350 வெடிப்புகள், அதாவது நொடிக்கு ஆறு கூட இல்லை. நொடிக்குச் சுமார் 20 அதிர்வு வரைக்கும் நம் காது தனித்தனி அடியாகப் பிரித்துக் கேட்கும். அதற்கு மேல் போனால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்வரமாகிவிடும். ஆக்ஸிலேட்டரைத் திருகி 2,400 சுற்றைத் தாண்டினால் புல்லட்டும் தாளத்தை விட்டு ஸ்வரத்துக்குப் போய்விடும்.

இவ்வளவு மெதுவாக ஓடியும் அது ஏன் அணைந்துபோவதில்லை? இரண்டு சுற்றில், அதாவது 720 பாகையில், பிஸ்டனை வெடிப்பு தள்ளுவது அரைச் சுற்றுக்கும் குறைவான நேரம்தான். மீதி நேரமெல்லாம் கிராங்க் கேஸுக்குள் இருக்கும் இரண்டு கனத்த பிளைவீல்கள் தங்கள் உருள்வேகத்தில் பிஸ்டனை இழுத்துக்கொண்டு போகின்றன. வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு கரிசல் மண் பாதையில் டாப் கியரிலேயே ஊர்ந்து வர முடிகிறதென்றால் அந்தப் பெருமை பிளைவீலுக்குத்தான்.

பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி உள்ளே போனால் செட்டிகுளம். கரும்பைக் கையில் பிடித்த முருகன் குன்றின்மேல் நிற்கும் ஊர். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் தாத்தா ஓட்டிய புல்லட் துரு ஏறிக் கிடக்கிறது, பேரன் அதை வீட்டிலேயே பிரித்து ‘பாபர்’ ஆக்கப்போகிறான் என்று வைத்துக்கொள்வோம். பின் மட்கார்டைக் குறுக்கி, ஒற்றை சீட் போட்டு, தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டால் அது பாபர். ஹேண்டிலைத் தாழ்த்தி, டேங்கின்மேல் குனிந்து ஓட்டினால் கஃபே ரேஸர். முன் ஃபோர்க்கை நீட்டிவிட்டால் சாப்பர். மூன்றும் வெளிநாட்டுப் பெயர்கள்தான். வண்டி மட்டும் மெட்ராஸ் சரக்கு.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டு, சில ஆண்டுகளில் தாய் நிறுவனமே இல்லாமல் போனது. திருவொற்றியூரில் மட்டும் அதே வார்ப்பிரும்பு என்ஜினை அரை நூற்றாண்டுக்கு மேல், அடிப்படையை மாற்றாமல், வார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதை முன்னேற்றமின்மை என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் வண்டி பிரிப்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது: தாத்தா காலத்து வண்டிக்கு அப்பா காலத்து வண்டியின் பல உதிரிகள் அப்படியே பொருந்தும்.

அந்த வண்டியைப் படிக்க லேப்டாப் தேவையில்லை. ஹெட்லைட் கூட்டில் பதித்திருக்கும் ஆம்பியர் மீட்டரே போதும். சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரை உதைக்காமல் காலால் மெல்ல அமுக்கிப் பார்க்க வேண்டும். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்தும் அறுத்தும் பொறி விடவைக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடுவதால் முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் அறுந்து முள் நடுவுக்கு வந்துவிடும். அந்தப் பாயிண்டைத் திறக்கும் கேம் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே முள் நடுவுக்கு வந்த கணம், பிஸ்டன் அமுக்க ஸ்ட்ரோக்கின் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை ஒரு முள் சொல்லிவிடுகிறது! பிறகு சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. பலசாலி உதைத்தும் கிளம்பாத வண்டியை ஒல்லியான பெரியவர் ஒரே மிதியில் கிளப்புவதன் ரகசியம் இவ்வளவுதான்.

என்ஜின் அளவும் அப்படித்தான், பள்ளிக்கூடக் கணக்கிலேயே அடங்கிவிடும். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் 346 சிசி வரும். சிலிண்டர் தேய்ந்துவிட்டால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து ‘ஃபார்ட்டி’ பிஸ்டன் போடுவார்கள். ஃபார்ட்டி என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு, கிட்டத்தட்ட 1 மி.மீ. கூடுதல். இப்போது விட்டம் 71. கன அளவு 356 சிசி. தேயத் தேயப் பெரிதாகும் என்ஜின்! இந்த வேலைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பெல் ஆலையை ஒட்டி ஃபேப்ரிகேஷன் தொழில் வளர்ந்த திருச்சியில் லேத்துக்குப் பஞ்சமில்லை.

உதிரிகளையே தன் கையால் செய்துகொண்ட மனிதர் ஒருவரும் உண்டு. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்றோ, 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட் வண்டியொன்றை வாழ்நாள் முழுக்கக் கொட்டகையில் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தார். பிஸ்டன்களைப் பழைய தகர டப்பாக்களில் தானே வார்த்தார். கனெக்டிங் ராடுகளைப் பழைய டிராக்டர் அச்சிலிருந்து வெட்டிச் செதுக்கினார். கம்பெனியிலிருந்து வந்தபோது மணிக்கு 90 கி.மீ.கூடத் தொடாத வண்டி அது. 1967இல், அவருடைய 68ஆம் வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் 1,000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் 296 கி.மீ. வேகத்தில் சாதனை படைத்தது.

என்ஜின் இப்படி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். சேசிஸ் பொறுக்காது.

புல்லட்டின் என்ஜினை இறக்கிவிட்டுச் சேசிஸைப் பார்த்தால் முதலில் ஒரு திகைப்பு வரும்: அடியில் குழாயே இல்லை. முன்னாலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மீதி எலும்பு என்ஜினும் கியர் பாக்ஸும்தான். அவற்றைத் தகடுகளால் முடுக்கிய பிறகுதான் சேசிஸ் முழுமையாகிறது. அதனால் என்ஜின் பிளேட்டை ‘அழகுக்காக’ மெலிதாக்குவதும் அதில் ஓட்டை போடுவதும் எலும்பைச் சுரண்டுகிற வேலை. சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தை வெட்டலாம், அங்கே பாரம் குறைவு. ஷாக் அப்சார்பர் மேல்முனை மாட்டும் இடம்வரை போய்விடக் கூடாது. மட்கார்டு, சீட், பக்கப்பெட்டி, விளக்கு எல்லாம் மனம்போல.

கழுத்துக்கு வருவோம். முன் ஃபோர்க் நுழைந்து திரும்பும் அந்தக் குட்டைக் குழாய், கோன்செட் உட்காரும் இடம், நேராக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் வழியே ஒரு கோட்டைக் கற்பனையாகத் தரைவரை இழுத்தால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் முட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சில விரற்கடை இடைவெளிதான் டிரெயில். அலுவலக நாற்காலியின் உருளையைத் தள்ளிப் பாருங்கள், எந்தத் திசையில் தள்ளினாலும் உருளை தன் அச்சுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். முன்சக்கரமும் கழுத்துக்கோட்டின் பின்னால் இப்படி இழுபட்டு வருவதால்தான் ஹேண்டில் தானாக நேராகிறது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 19 அங்குல ரிம், டயரோடு சேர்த்து ஆரம் 320 மி.மீ. கழுத்தின் சாய்வு 27 பாகை, ஃபோர்க் கழுத்துக்கோட்டுக்கு முன்னால் தள்ளி நிற்பது 60 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் டிரெயில் 96 மி.மீ. வருகிறது. சாப்பர் ஆசையில் கழுத்தை வெட்டி 35 பாகைக்குச் சாய்த்து ஒட்டினால் 151 மி.மீ.! நெடுஞ்சாலையில் அம்பு போல நேராகப் போகும். சந்தைத் தெருவில் ஊர்ந்து திரும்பும்போது ஹேண்டில் தொப்பென்று ஒரு பக்கம் விழும்.

சரி, கழுத்தைத் தொடவே மாட்டேன் என்று பேரன் சொல்கிறான். ஆனால் கஃபே ரேஸர் தோற்றத்துக்காக ஃபோர்க்கைக் கிளாம்பில் 50 மி.மீ. மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்துகிறான். வண்டியே முன்னோக்கிக் குனிகிறது. சக்கரங்களுக்கு இடையே 1,370 மி.மீ. என்றால் சாய்வு கிட்டத்தட்ட 2 பாகை குறையும், டிரெயில் 83 வாக்கில் இறங்கிவிடும். பின்பக்க ஷாக்கைக் குட்டையாக்கி 50 மி.மீ. தாழ்த்தினாலோ 109க்கு ஏறும். பின்னால் நான்கு அடி தள்ளிப் போல்ட்டைக் கழற்றினாலும் கை பட்டது கழுத்தில்தான். டிரெயில் ரொம்பக் குறைந்துபோன வண்டி வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஹேண்டில் படபடவென்று தலையாட்ட ஆரம்பிக்கும். அதைப் பிடித்து நிறுத்த எந்தக் கைக்கும் பலம் போதாது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்து வைத்துக்கொள்வது நல்லது. வண்டியை இரண்டு சக்கரத்திலும் நேராக நிறுத்தி, கழுத்துக் குழாயின் நடுக்கோட்டுக்கு நேராக நீளக் கம்பியொன்றைப் பிடித்து அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. முன் அச்சின் மையத்திலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இன்னொரு கோடு. நடுவில் உள்ள தூரம் டிரெயில்.

டிரெயில்தான் முழுக்கதையா என்றால், இல்லை. டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் யாராலும் ஓட்ட முடியாத சைக்கிளொன்றைச் செய்யக் கிளம்பி, 1970இல் அந்தக் கதையை எழுதினார். சக்கரச் சுழற்சியால்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது என்று அதுவரை பலரும் சொல்லிவந்தார்கள். அவர் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த விளைவை அழித்துப் பார்த்தார். அப்படியும் ஓட்ட முடிந்தது. முன்சக்கரத்தை முன்னால் தள்ளி டிரெயிலைத் தலைகீழாக்கியபோதுதான் சைக்கிள் அடங்க மறுத்தது. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுழற்சி விளைவும் டிரெயிலும் இரண்டுமே இல்லாத ஒரு விசித்திரச் சைக்கிளைச் செய்து உருட்டிவிட்டார்கள். ஆள் இல்லாமலே அது விழாமல் ஓடியது! எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் எல்லோரும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு வண்டி ஏன் விழவில்லை என்பதற்கு ஒற்றைவரி விடை இன்றும் கிடையாது.

சைலன்சர் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஓப்பன்’ வைத்தால் பிக்கப் கூடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, குழாயின் திறந்த வாயில் பட்டு வெற்றிட அலையாகத் திரும்பி வருகிறது. சரியான நேரத்தில் வந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி வெளியே எடுக்கும். நேரத்தைத் தீர்மானிப்பது குழாயின் நீளம், சத்தம் அல்ல. குழாயைக் கண்டபடி அறுத்தால் என்ஜினுக்கு நஷ்டம், தெருவுக்குத் தலைவலி.

பழைய டேங்கை வெல்டிங் வைப்பதாக இருந்தால் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே வெடிக்கும். கழுவி, காயவைத்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் பற்றவைப்பார்கள் அனுபவசாலிகள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டோடு கார்புரேட்டரை அப்படியே மாட்டினால் கலவை வறண்டு என்ஜின் சூடேறும். ஒரு அளவு பெரிய ஜெட் போட வேண்டியிருக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் அரித்துவிடும், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெயிண்ட் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதினைந்து வயது தாண்டிய வண்டி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது சேசிஸ் நம்பரை. பழைய புல்லட்டில் அது கழுத்துக் குழாயில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பட்டி தடவிப் பெயிண்ட் அடிப்பவரிடம் அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லிவிட வேண்டும்.