"ஒண்ணும் ஆகாதும்மா!"

நர்ஸிங் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது, மாணவிகளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. நோயாளி பேசியதையும் தாங்கள் பேசியதையும் வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதி வரவேண்டும். அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லா கற்றுத் தந்த முறை இது. நர்ஸுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவுதான் நர்ஸிங்குக்கே அஸ்திவாரம் என்று 1952-ல் புத்தகம் எழுதியவர் அவர்.

ஒருநாள் மாலை ஒரு மாணவியின் நோட்டைப் பார்த்தேன். கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு மறுநாள் ஆபரேஷன்.

"பயமா இருக்கு, சிஸ்டர்."

"ஒண்ணும் ஆகாதும்மா."

"இல்லே, குழந்தை..."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, தூங்குங்க."

அப்புறம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாளாம். (நாமும் வீட்டில் இதே பதிலைத்தானே சொல்கிறோம்!)

"குழந்தையைப் பத்தி என்ன சொல்ல வந்தா?" என்று கேட்டேன். மாணவியின் முகம் வாடிவிட்டது. நேரே வார்டுக்கு ஓடினாள்.

அரைமணி கழித்து வந்தாள். "ஆபரேஷன் ஆனா தாய்ப்பாலே கொடுக்கக் கூடாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க, மேடம். அந்தக் கவலையிலே ராத்திரியெல்லாம் தூங்கலையாம்."

டாக்டரிடம் கேட்டோம். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். நான் எழுந்திருப்பதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் குழந்தையைத் தூக்கி வந்து தாயின் மார்போடு அணைத்து வைத்ததும் அவள்தான். நோட்டில் அன்றைக்கு இரண்டே வரி.