நாய்க்குட்டியின் வயிற்றில் பூச்சி

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வாசலோரம் வளரும் நாய்க்குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உடல் மெலிந்து வயிறு மட்டும் ஊதியிருந்தால் அது நன்றாகச் சாப்பிட்ட வயிறல்ல, பெரும்பாலும் வட்டப்புழுதான். தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது குட்டிக்குத் தொற்றிவிடும்.

கொழுக்கிப்புழு இன்னும் கொடியது. குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். குட்டியின் முரசு வெளிறி, மலம் கறுத்துப்போனால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்த கொழுக்கிப்புழு இனமொன்றை 1911இல் ஜேர்மன் ஆய்வாளர் ஆர்தர் லூஸ் விவரித்தார். அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற அந்தப் புழு நாய், பூனையில் மட்டுமல்ல, மனிதக் குடலிலும் வளரும். ஈரமண்ணில் இருக்கும் அதன் குடம்பிகள் வெறுங்காலின் தோல்வழியே நுழையும். பிள்ளைகள் முற்றத்தில் செருப்போடு விளையாடட்டும்.

வாலடியில் அரிசிமணி போல ஏதும் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அதைப் பரப்புவது தெள்ளு. தெள்ளை ஒழிக்காமல் குளிசை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

பூச்சி மருந்தைக் குட்டி பிறந்த 2ஆம் வாரத்தில் தொடங்கி, 8ஆம் வாரம்வரை 2 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறை, வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. தாய்நாயையும் மறக்காதீர்கள். மருந்தின் அளவு உடல் நிறையைப் பொறுத்தது என்பதால், மனிதருக்கான குளிசையை உடைத்துக் கொடுக்காமல் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். வட்டப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 வாரமாவது எடுக்கும்.