சுட்டெடுத்த காந்தம்

15 கோடி டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் பிளாஸ்மாவைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை. ஆனால் அதிலுள்ளவை மின்னூட்டம் பெற்ற துகள்கள். காந்தப்புலம் இழுத்த வழிக்கு வரும். தெற்கு பிரான்சில் பல நாடுகள் கூடிக் கட்டிவரும் இட்டர் அணுக்கரு இணைவு உலையில் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் வளையமாக நிறுத்தப்போவது 18 காந்தச் சுருள்கள். ஒவ்வொன்றும் 17 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை.

செப்புக் கம்பி போதாதா? பிரிட்டனில் 2023 வரை ஓடிய ஜெட் இணைவு உலையில் செம்புதான் இருந்தது. சூடேறிவிடும் என்பதால் அதை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதே சிரமம். இட்டர் சுருளில் பாயவேண்டியது 68,000 ஆம்பியர். மின்தடையே இல்லாத மீக்கடத்திதான் இதற்குச் சரிப்படும்.

தேர்ந்தெடுத்த பொருள் நையோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்மம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சேர்மம் வளைத்தால் நொறுங்கும். சுருளோ வளையாமல் வராது. ஆகவே இரண்டு உலோகங்களும் சேராமல் தனித்தனியாக இருக்கும் நிலையிலேயே மெல்லிய இழைகளாக்குகிறார்கள். அப்படி 900 இழைகளை 522 செப்பிழைகளோடு முறுக்கி, எஃகுக் குழாய்க்குள் இழுத்து, சுருளாகச் சுற்றிய பிறகு 650 டிகிரியில் பல நாள் சுடுகிறார்கள். அப்போதுதான் வெள்ளீயம் நையோபியத்துக்குள் ஊடுருவி மீக்கடத்தி பிறக்கிறது. குயவர் பச்சை மண்ணில் வனைந்துவிட்டுச் சூளையில் வைப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் குயவருக்கு இல்லாத தொல்லை ஒன்று உண்டு. மின்காப்பு நாடா அந்தச் சூட்டில் பிழைக்காது. சுட்ட பிறகே சுற்றவேண்டும். எனவே வெந்த சுருளின் சுற்றுகளை நோகாமல் சற்றே விலக்கி, நாடா சுற்றி, எஃகுத் தகட்டில் வெட்டிய பள்ளத்தில் இறக்குகிறார்கள். சூளையில் சுருளின் நீளமும் துளி மாறியிருக்கும்; பள்ளம் அதற்கும் ஈடுகொடுக்கவேண்டும். இட்டரில் என்னை அசரவைப்பது இந்தக் கைவேலைதான். 15 கோடி டிகிரியெல்லாம் பிறகு.

இழைகளின் இடுக்கில் மைனஸ் 269 டிகிரியில் ஹீலியம் ஓடும். எங்காவது ஓரிடம் லேசாகச் சூடானால் மின்தடை திரும்பிவிடும். 18 சுருள்களிலும் தேங்கும் ஆற்றல் 41 கிகாஜூல், ஏறக்குறைய 10 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அதை உடனே வெளியே உள்ள மின்தடையங்களில் கொட்டியாகவேண்டும்.

உதிரி ஒன்றையும் சேர்த்து ஐரோப்பா 10, ஜப்பான் 9 எனச் செய்த சுருள்கள் எல்லாம் 2023 இறுதிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. சுருள்களின் குளிரைக் காக்க உலை முழுவதையும் மூடும் 3,850 டன் வெற்றிடக் கலன் இந்தியாவின் பங்கு. அதன் பகுதிகள் குஜராத்தின் ஹசீராவில் எல் அண்ட் டி ஆலையில் உருவானவை.